அத்தியாயம் 6: அழைப்புக் கடிதம் வந்த பிறகு

ஒரு வார உறைவிட ஃபெலோஷிப் என்றால் முழுதாக ஏழு நாள் கிடைக்கும் என்று நினைக்கிறோம். கணக்குப் பார்த்தால் அவ்வளவு தேறாது. முதல் நாள் பயணக் களைப்பிலும், அறைச் சாவி யாரிடம், சாப்பாட்டுக் கூடம் எந்தப் பக்கம், வைஃபை பாஸ்வேர்டு என்ன என்ற விசாரிப்பிலும் போய்விடும். கடைசி நாள் மதியத்துக்கு மேல் எல்லார் கண்ணும் கடிகாரத்தில் இருக்கும். ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் உரைக்கு நடுவிலேயே நழுவுவார்கள். இடையில் ஒரு நாள் ஜலதோஷமோ வயிற்றுக் கோளாறோ வந்துவிட்டால் மிச்சம் நாலே நாள். மூன்று மாத ஃபெலோஷிப்பில் ஒரு வாரம் வீணானாலும் பின்னால் ஈடுகட்டிவிடலாம். இங்கே அதற்கு இடமில்லை. அங்கே போய்ச் செய்யக்கூடிய சில்லறை வேலைகளையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டு அந்த ஏழு நாளையும் முழுசாகக் கையில் வாங்குவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

உதாரணத்துக்கு ஷிம்லாவை எடுத்துக்கொள்கிறேன். அங்கே அப்சர்வேட்டரி ஹில் உச்சியில் இருக்கும் இந்திய உயர் ஆய்வு நிறுவனம், நாடெங்கிலுமிருந்து ஆய்வாளர்களை வரவழைத்துத் தங்கவைக்கும் இடம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்குத் தொலைவு, மலை, குளிர், வேற்று மொழி, வேற்றுச் சாப்பாடு என்று எல்லாச் சிரமமும் ஒரே இடத்தில் கிடைப்பது ஷிம்லாவில்தான். நவம்பர் மாதம், ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வோம். இதற்குத் தயாராகத் தெரிந்தவருக்கு மைசூரும் புனேயும் ஹைதராபாதும் எளிது.

கடிதத்தை இரண்டு தடவை படியுங்கள்

தேர்வான சந்தோஷத்தில் கடிதத்தின் முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள்தான் அதிகம். விஷயம் கடைசிப் பத்தியிலும் இணைப்பிலும் இருக்கும். சம்மதத்தைத் தெரிவிக்கக் கடைசி நாள் எது? அறை எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து கிடைக்கும்? தொடக்க விழாவுக்கு முந்தைய இரவு தங்கலாமா, அதற்குத் தனிக் கட்டணமா? அறை தனியா, இன்னொருவரோடு பகிர்வா? பயணச் செலவு தருவார்களா, தந்தால் ரயிலில் எந்த வகுப்பு வரை? இவற்றில் பதில் இல்லாதவற்றை ஒரே மின்னஞ்சலில், எண் போட்டு, ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். தினம் ஒரு கேள்வியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மூன்றாம் நாள் பதில் நின்றுவிடும்.

பயணச் செலவு விஷயத்தில் டிக்கெட் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். விமானப் பயணத்துக்கு இது இன்னும் முக்கியம். 2022 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட விதிப்படி, அரசுச் செலவில் போகிறவர்கள் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்று முகவர்களிடம் மட்டுமே விமான டிக்கெட் வாங்க வேண்டும். இது அரசு ஊழியர்களுக்கான விதி. ஆனால் அரசு நிதியில் நடக்கும் நிறுவனங்கள் தங்கள் விருந்தினர்களிடமும் இதையே கேட்பதுண்டு. தள்ளுபடி கிடைக்கிறதே என்று வேறு செயலியில் வாங்கிய டிக்கெட்டைக் கணக்குப் பிரிவு ஏற்காமல் போனால், நாலைந்து நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்த்தவர் மொத்தத்தையும் இழப்பார்.

கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஓ.டி.யா, தற்செயல் விடுப்பா என்பதை முதல்வரிடம் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அரசுக் கல்லூரி என்றால் தடையின்மைச் சான்று மேலே போய்த் திரும்பி வரவேண்டும். அந்தக் கோப்பு நீங்கள் நினைக்கும் வேகத்தில் நகராது. அழைப்பு வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். பி.எச்டி. மாணவர்கள் நெறியாளரிடம் வாய்மொழியாகச் சொன்னால் போதும் என்று இருந்துவிடாமல் கடிதத்தின் நகலையும் கொடுத்து வையுங்கள்.

வண்டி

ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு இது 120 நாளாக இருந்தது. பழைய கணக்கை நம்பி இருக்க வேண்டாம். ஃபெலோஷிப் அழைப்பு பெரும்பாலும் ஒரு மாதம் முன்னால்தான் வரும். அதற்குள் சென்னையிலிருந்து டில்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்கும் காத்திருப்புப் பட்டியலுக்குப் போயிருக்கும். தட்கல் உண்டு: ஏ.சி. வகுப்புகளுக்கு முந்தைய நாள் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. ஆனால் ஆன்லைனில் தட்கல் எடுக்க இப்போது ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். பத்து மணிக்கு உட்கார்ந்து சரிபார்ப்போடு மல்லுக்கட்டாதபடி அதை இன்றே முடித்து வையுங்கள். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு பெட்டியில் ஏற முடியாது. ஆர்.ஏ.சி. வந்தால் ஏறலாம்.

சென்னையிலிருந்து டில்லி ஏறக்குறைய ஒன்றரை நாள். அங்கிருந்து ஷிம்லாவுக்கு வழிகள் மூன்று. டில்லி காஷ்மீரி கேட்டிலிருந்து இரவு முழுக்க ஓடும் பஸ் ஒன்று. சண்டிகர் வரை விமானமோ ரயிலோ பிடித்து, அங்கிருந்து சுமார் 115 கிலோமீட்டர் மலைச்சாலை என்பது இன்னொன்று. மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேரடி வண்டி உண்டு, தினமும் கிடையாது. தென்மாவட்டத்துக்காரர்கள் முதலில் அதைப் பார்க்கலாம். மூன்றாவது வழி, காலையில் புது டில்லியில் கிளம்பும் கால்கா சதாப்தியில் ஏறி நண்பகல் வாக்கில் கால்காவில் இறங்கி, அங்கிருந்து மலை ரயிலில் போவது.

மலை ரயிலுக்காகவே ஒரு தடவை இந்த வழியில் போகலாம் என்பது என் கட்சி. 1903இல் திறந்த பாதை, 96 கிலோமீட்டர், நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள், அதில் நீளமானது பரோக் குகை, ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் நீலகிரி மலை ரயிலுக்கு அந்தப் பெருமை 2005இலேயே வந்துவிட்டது என்பதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், இருக்கையும் சீக்கிரம் தீர்ந்துவிடும். போகும்போது மலை ரயில் கிடைக்காவிட்டால் வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்குப் போகும் நாளில் அழகைவிட நேரம் பெரிது.

இதில் நான் அடித்துச் சொல்வது ஒன்று உண்டு: தொடக்க நாளுக்கு முந்தைய நாள் மாலைக்குள் போய்ச் சேருங்கள். அனுமதி இல்லையென்றால் கைக்காசு போட்டு வெளியே ஓர் அறை எடுத்தாவது அந்த இரவை அங்கே கழியுங்கள். ஷிம்லா சுமார் 2,200 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் பெரிய ஆபத்து ஏதும் இல்லை. ஆனாலும் கடல் மட்டத்து ஊரிலிருந்து வந்தவருக்கு முதல் நாள் படி ஏறினால் மூச்சு வாங்கும், லேசாகத் தலைவலிக்கும், தூக்கம் பிடிக்காது. அந்த ஓர் இரவு அங்கே கழிந்துவிட்டால் முதல் உரையில் கொட்டாவி விடாமல் உட்காரலாம். அதேபோல் டில்லியில் வண்டி மாறுகிறவர்கள் இரண்டு வண்டிக்கும் நடுவே அரை நாளாவது விடுங்கள். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் வட இந்திய ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாவது வழக்கம். அந்த மாதங்களில் ஒரு முழு நாளே விட்டாலும் தப்பில்லை. பெண்கள் தனியாகப் போனால் டில்லியில் நள்ளிரவில் இறங்கும் வண்டியைத் தவிர்த்துவிடுங்கள். பங்கேற்பாளர் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்கினால், அதே வண்டியில் வரும் இன்னொருவர் அநேகமாகக் கிடைப்பார்.

மலைச்சாலையில் வாந்தி வரும் உடம்புள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வளைவு தொடங்கிய பிறகு போட்டால் அது அவ்வளவாக வேலை செய்யாது. கிளம்ப அரைமணி, ஒரு மணி முன்பே போட வேண்டும். அவோமின் போன்ற மாத்திரைகள் தூக்கத்தையும் கொண்டுவரும் என்பதால், பஸ்ஸில் பையைக் காலுக்கடியில் வைத்துப் பட்டையைக் காலில் சுற்றிக்கொண்டு தூங்குங்கள்.

குளிரும் பெட்டியும்

கொடைக்கானலுக்குப் போட்ட ஒரே ஸ்வெட்டரோடு ஷிம்லாவுக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு. எவரெஸ்ட் ஏறப்போவது போல ஏழாயிரம் ரூபாய் ஜாக்கெட் வாங்குகிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். நவம்பரில் பகலில் வெயில் காய்ந்தால் சட்டையோடு நடக்கலாம். ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதன் பிறகு வெப்பம் விறுவிறுவென ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். பகலுக்கும் இரவுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் ஒரே கனத்த உடுப்பைவிட, கழற்றிப் போட வசதியாக அடுக்கடுக்காகப் போடுவதே நல்லது. உடம்போடு ஒட்டிய தெர்மல் இரண்டு செட், அதன்மேல் முழுக்கை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்களில் சாலையோரம் கடை போடும் திபெத்தியர்களிடம் ஸ்வெட்டர் வாங்கினால் போதும்.

தெர்மல் இருந்தால் பருத்தி பனியன் வேண்டாம். பனியன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும். மேட்டில் ஏறி வியர்த்துவிட்டுக் கூடத்துக்குள் போய் உட்கார்ந்தால் அந்த ஈரம் முதுகில் சில்லென்று ஒட்டும். ஜலதோஷம் பிடிப்பதே அப்படித்தான் என்று பாட்டிமார் சொல்வதை மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஈர முதுகோடு இரண்டு மணி நேரம் தத்துவம் கேட்பது கஷ்டம் என்பதில் இருதரப்பும் ஒத்துப்போகும். காலுறை நாளுக்கு ஒன்று. காதை மூடும் குல்லா, மஃப்ளர். கைலி, நைட்டியோடு தூங்கிப் பழகியவர்கள் இரவுக்கு முழுக்கால் பைஜாமா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செருப்பை அறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஷிம்லாவில் மால் ரோட்டில் பொது வண்டிகளுக்கு அனுமதி இல்லை. எங்கே போனாலும் ஏற்றம், இறக்கம், படி. கீழே கார்ட் ரோட்டிலிருந்து மாலுக்குப் போகக் கட்டண லிஃப்ட் உண்டு என்பதை முழங்கால் வலிக்காரர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம். அடிப்பக்கம் வழுக்காத ஷூ ஒன்று, ஏற்கெனவே போட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். புது ஷூவை அங்கே போய்த்தான் பழக்குவேன் என்றால் இரண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம் நிச்சயம். சக்கரப் பெட்டியையும் யோசியுங்கள். சென்னை விமான நிலையத்தில் அது தானாக ஓடும். ஷிம்லாவின் படிகளில் நீங்கள்தான் அதைத் தூக்குவீர்கள். முதுகில் மாட்டும் பை ஒன்று, தோளில் ஒன்று என்று அடங்கினால் நல்லது.

துவைத்துக் காயப்போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு அங்கே பலிக்காது. குளிரில் ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் ஈரமாகவே தொங்கும். உள்ளாடை ஏழு நாளைக்கும் வேண்டும். மற்றவை இரண்டு மூன்று செட் போதும். ஸ்வெட்டருக்குள் நேற்றைய சட்டையா இன்றைய சட்டையா என்று யாரும் பார்ப்பதில்லை.

தேங்காய் எண்ணெய் பற்றிச் சொல்லாமல் தீராது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். ஷிம்லாவில் அது வெள்ளைக் கல்லாகவே இருக்கும். வாய் குறுகிய நீல பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து எத்தனை தட்டினாலும் ஒரு சொட்டு வராது. ஆள்காட்டி விரல் நுழையும் அளவு வாய் அகன்ற சின்ன டப்பாவில் கொஞ்சம் அடைத்துக்கொள்ளுங்கள். விரலால் வழித்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உருகிவிடும். தலைக்கு மட்டுமல்ல, வறண்டு வெடிக்கும் உதட்டுக்கும் குதிகாலுக்கும் அதுவே மருந்து.

விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் வைத்தால் பெட்டி நின்றுவிடும். ஊறுகாய் பாட்டிலுக்கு இதற்கு நேர் எதிர்: அதைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள், பாதுகாப்புச் சோதனையில் வாதாட வேண்டியிருக்காது. உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குப் பொதுவாக 15 கிலோவும் கையில் 7 கிலோவும் அனுமதி.

சாப்பாடு

உறைவிட நிகழ்ச்சிகளில் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. ராஜ்மா, கடி, ரொட்டி, ஆலு ஏதாவது, கொஞ்சம் சோறு, தயிர். பசியோடு யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் நாள் இரவு நாக்கு கேட்கும். அதற்குப் பருப்புப்பொடியோ இட்லிப்பொடியோ ஒரு சின்ன டப்பா எடுத்துக்கொண்டால் சோற்றுக்கும் ரொட்டிக்கும் கைகொடுக்கும். ரசப்பொடியும் அப்பளமும் அடுப்பு இல்லாத இடத்தில் வெறும் சுமை. ஃபில்டர் காபி இல்லாமல் காலை விடியாதவர்கள் ஒரு வாரம் டீக்கு மாறத் தயாராகுங்கள். அறைக்குள் மின்சாரக் கெட்டில் கொண்டுபோக நினைத்தால் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள், பழைய கட்டிடங்களில் மின்கம்பிகளைப் பற்றி நிர்வாகம் கவலைப்படுவது நியாயம்தான்.

ரயிலுக்குக் கட்டுச்சோறு வேண்டும். முதல் இரவுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மறுநாளைக்குப் புளிச்சோறு. தேங்காய் சேர்த்த எதுவும் வேண்டாம்.

சைவமா, முட்டை சேருமா, ஹலால் வேண்டுமா, கடலை ஒத்துக்கொள்ளாதா என்பதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் போய்ச் சொன்னால் சமையல்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா மருந்துகளைப் பத்து நாளைக்கு எடுத்து, சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்ஹேலர் வைத்திருப்பவர்களுக்குக் குளிர்க்காற்றும் டில்லியின் நவம்பர்ப் புகையும் சோதனையாக இருக்கும். நாப்கினைத் தேதி பார்த்துக் கணக்கிடாமல் எடுத்துக்கொள்ளுங்கள், பயணமும் உயரமும் தேதியை மாற்றக்கூடும். குரங்குகளையும் நினைவில் வையுங்கள். ஷிம்லாக் குரங்குகள் கையில் இருக்கும் பாலித்தீன் பையையும் மூக்கில் இருக்கும் கண்ணாடியையும் பறித்துப் பழகியவை. மாற்றுக் கண்ணாடி ஒன்று இல்லாமல் போனால் மிச்ச நாளெல்லாம் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

படிப்பு

பெட்டி கட்டுவதற்கு ஒரு மாலை போதும். படிப்புக்கு இரண்டு வாரம் வேண்டும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வாசிப்புப் பட்டியல் அனுப்புவார்கள். இருபது கட்டுரை இருந்தால் இருபதையும் படித்துவிட்டு வருகிறவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார். படித்தவர் போல உட்காருவது மட்டும் எல்லாருக்கும் கைவந்த கலை. நான் சொல்வது இது: ஐந்தைத் தேர்ந்தெடுத்து ஆழமாகப் படியுங்கள். மற்றவற்றுக்கு முன்னுரையும் முடிவுரையும் போதும். படித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி எழுதி வையுங்கள். அந்தக் கேள்வி உங்கள் சொந்த ஆய்விலிருந்து எழுந்ததாக இருக்கட்டும். ‘இது எங்கள் பக்கம் இப்படி இல்லையே, ஏன்?’ என்று தொடங்கும் கேள்விக்கு எந்த அவையிலும் மதிப்பு உண்டு. எல்லாக் கோப்புகளையும் மடிக்கணினியில் இறக்கி வையுங்கள்; மலையில் இணையத்தை நம்பி உட்கார வேண்டாம்.

பங்கேற்பாளர் பட்டியல் கிடைத்தால் ஒவ்வொருவரும் எழுதியதில் ஏதாவது ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். முதல் நாள் தேநீர் இடைவேளையில் ‘உங்கள் கட்டுரையில் அந்த இடம்…’ என்று தொடங்குகிறவருக்கு நண்பர் கிடைக்க ஐந்து நிமிடம் ஆகாது. ஒரு வாரத்தில் நிலைக்கும் லாபம் பெரும்பாலும் அப்படிக் கிடைக்கும் இரண்டு மூன்று பேர்தான். உரைகளின் குறிப்புகளைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு.

சுய அறிமுகத்தை எழுதிப் பழகுங்கள். வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கு இரண்டு நிமிடம் என்பார்கள். நம் ஆட்கள் பலர் பெயர், பட்டம், கல்லூரி, நெறியாளர் பெயர், கல்லூரியின் தரச்சான்று வரை சொல்லி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘நான் திருநெல்வேலியில் வரலாறு கற்பிக்கிறேன். தாமிரபரணிக் கரைப் படித்துறைகளை யார் கட்டினார்கள், யார் பராமரித்தார்கள் என்று தேடுகிறேன். கல்வெட்டு கொஞ்சம் சொல்கிறது. கரையோர ஊர்ப் பெரியவர்கள் மீதியைச் சொல்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில்தான் எனக்கு வேலை.’ இதை ஆங்கிலத்தில் சொல்ல முக்கால் நிமிடம் போதும். கேட்டவர்களுக்கு மறக்காது. வீட்டில் யாரையாவது உட்காரவைத்து உரக்கச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது.

ஆங்கிலத்தைப் பற்றிய கூச்சத்தோடு தமிழ்வழி படித்தவர்கள் பலர் ஒதுங்கி நிற்பதைப் பார்க்கிறேன். அந்த அறையில் இருக்கும் ஒடியாக்காரருக்கும் மணிப்பூர்க்காரருக்கும் அது இரண்டாம் மொழியோ மூன்றாம் மொழியோதான். நிதானமாக, சின்ன வாக்கியங்களாகப் பேசுகிறவரை எல்லாரும் கவனிக்கிறார்கள். இந்தியை ஒரு வாரத்தில் கற்க முடியாது. டாக்சிக்காரரிடமும் மெஸ்ஸிலும் செல்லுபடியாகும் பத்து வாக்கியங்களைக் கற்க முடியும்.

கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தால் ஸ்லைடுகளைப் பி.டி.எஃப். ஆகவும் மாற்றி வையுங்கள். வேறு கணினியில் திறந்தால் தமிழ் எழுத்துரு கட்டம் கட்டமாகச் சிதறும். நீங்கள் வருந்தி எடுத்த கல்வெட்டு வாசகம் வெறும் சதுரங்களாகத் திரையில் நிற்கும். பென் டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, காகிதத்தில் அச்சாக ஒன்று. மின்சாரம் போனால் காகிதம் பேசும்.

போகும் இடத்தைப் பற்றியும் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். ஷிம்லா நிறுவனம் இருக்கும் கட்டிடம் 1888இல் வைஸ்ராய் டஃபரின் குடியேறிய மாளிகை. 1945 ஷிம்லா மாநாடு நடந்தது அங்கேதான். குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் அதை ஆய்வாளர்களுக்கென்று விட்டுக்கொடுத்தார். 1965இல் நிறுவனம் அங்கே தொடங்கியது. கட்டிடத்தை வடிவமைத்த ஹென்றி இர்வின் பிறகு சென்னைக்கு வந்து, பாரிமுனையில் உயர் நீதிமன்றக் கட்டிடத்தை முடித்தவர். அங்கே சாம்பல் கல், இங்கே செங்கல். அந்த வாசலில் நிற்கும்போது முழுக்க அந்நியமாகத் தோன்றாமல் இருக்க இது உதவும்.

வீடு

பெண்களுக்கு இது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை என்பது எனக்குத் தெரியும். ஆண்களுக்கும் அப்படி ஆனால் நல்லது. பால், கேஸ், பள்ளி வேன், மாமியாரின் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ‘எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள், எட்டு மணி உரைக்கு நடுவில் கேஸ் புக் எங்கே என்று போன் வரும். இரவு ஒன்பது மணிக்கு நானே கூப்பிடுகிறேன், அவசரம் என்றால் மட்டும் நீங்கள் கூப்பிடுங்கள் என்று சொல்லி வையுங்கள். ‘சாப்பிட்டியாம்மா, ஸ்வெட்டர் போட்டியா?’ என்று அம்மா பகலில் நாலு தடவை கேட்பதை எந்த ஏற்பாட்டாலும் நிறுத்த முடியாது. போனை அமைதியில் போட்டுவிட்டு இடைவேளையில் பேசுங்கள். நிறுவனத்தின் தொலைபேசி எண்ணையும் ஒருங்கிணைப்பாளரின் எண்ணையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்திருந்தால் சிக்னல் இல்லாத நேரத்திலும் பதற்றம் இருக்காது.

காகிதங்கள்

அழைப்புக் கடிதம், அடையாள அட்டை, டிக்கெட் மூன்றின் அச்சு நகலும் கைப்பையில் இருக்கட்டும். டிஜிலாக்கரில் இருக்கும் ஆதாரை ரயிலிலும் விமான நிலையத்திலும் ஏற்கிறார்கள், ஆனால் அதைத் திறக்க போனில் சார்ஜ் வேண்டும். யுபிஐ எங்கும் ஓடுகிறது. ஆனாலும் மலையில் சிக்னல் விழும் நேரத்தில் டாக்சிக்காரருக்குக் கொடுக்க இரண்டாயிரம், மூன்றாயிரம் ரூபாய் சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் டிக்கெட்டை நிறைவு விழாவுக்கு மறுநாள் காலைக்கு எடுங்கள். அன்று மாலையே கிளம்பினால், யாரும் அவசரப்படாமல் பேசும் அந்தக் கடைசி இரவுச் சாப்பாட்டை இழப்பீர்கள்.

பயணச் செலவுப் படிவத்தை முதல் இரண்டு நாளுக்குள் கேட்டு வாங்கி நிரப்புங்கள். பான் எண், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல் அல்லது ரத்து செய்த காசோலை, வந்த டிக்கெட், விமானம் என்றால் போர்டிங் பாஸ், டாக்சி ரசீது ஆகியவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்த பிறகு அசலைக் கொடுங்கள். கணக்குப் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். திரும்பும் பயணத்தின் போர்டிங் பாஸை ஊருக்கு வந்த வாரத்திலேயே விரைவுத் தபாலில் அனுப்பிவிட வேண்டும். மார்ச் 31க்குள் போய்ச் சேராத பில் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளப்பட்டால், பணம் வர மாதக்கணக்கில் ஆகும்.